மூச்சுக்கு எட்டாத மெட்டு

"இது மனுசர் பாடுற பாட்டில்ல."

போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் செபஸ்தியன் சொன்ன இந்த ஒரு வசனம், ஒரு கிழமையாக டில்ஷானியின் காதுக்குள்ளேயே குடியிருந்தது. பாட்டுக் குழுவான கொயர் ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், அதுவும் கட்டின புருஷன் சொன்னது. வேறு யாரும் சொல்லியிருந்தால் 'போடா நீயும் உன்ர சங்கீதமும்' என்று மனதுக்குள் ஏசிவிட்டுப் போயிருப்பாள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழாவுக்கு இந்த வருஷம் பங்கு மக்களே ஒரு புதுப் பாட்டுக் கட்ட வேண்டும் என்று பாதர் கேட்டார். எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது டில்ஷானி கை தூக்கினாள். கொன்வென்டில் பியானோ படித்தவள். கலியாணத்துக்குப் பிறகு மற்றவர்கள் கட்டின பாட்டுகளுக்குக் கோயில் கீபோர்டைத் தட்டியதோடு சரி. சொந்த மெட்டு என்று இதுதான் முதல். தனிக்குரல் வரியைச் செபஸ்தியனின் குரலுக்கென்றே எழுதினாள். அவனோ இரண்டு தரம் பாதியில் விட்டுவிட்டு, மேலே சொன்ன திருவாசகத்தைச் சொன்னான்.

இந்தச் சனிக்கிழமை கடைசி ஒத்திகை. கொயரைக் கட்டி மேய்க்கிற நேசம் ரீச்சர் தீர்ப்பை முன்னமே சொல்லிவிட்டார். இன்றைக்குப் பாட்டுச் சரிவந்தால் திருவிழாவுக்குப் புதுசு. வராவிட்டால் பழைய பாட்டு.

டில்ஷானிக்கு அலுப்பு. கிழமை முழுக்க வெள்ளவத்தையில் பல் டொக்டரின் கிளினிக்கில் கவுண்டரில் இருந்து, வீங்கின கன்னங்களுக்கெல்லாம் 'கொஞ்சம் இருங்க, அடுத்தது நீங்கதான்' என்று சமாதானம் சொல்லி, கொழும்பின் காலி வீதி பஸ்ஸில் நசுங்கி வந்து, சமைத்து, கழுவி, படுத்து, திரும்ப எழும்பி, இதற்குள்ளே ஒரு பாட்டு வேறு. ஏன்தான் கை தூக்கினேனோ என்று அரிசி கழுவும்போதெல்லாம் யோசித்தாள்.

அன்றைக்குக் காலையிலும் அரிசிதான் கழுவிக்கொண்டிருந்தாள். செபஸ்தியன் மேசையில் பிளேன்டீக் கோப்பையோடு இருந்தான்.

"டில்ஷா."

"ம்."

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் ஓட்டமா வைச்சா என்ன?"

சட்டியைச் சத்தமாக வைத்தாள். "மனுசர் பாடுற பாட்டில்ல எண்டீங்களே. இப்ப ஓட்டமா வைச்சா மனுசர் பாடுவாங்களோ?"

"அதை விடு. அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது."

"கதைக்கா? நேசம் ரீச்சருக்கு முன்னால கதைக்குச் சொன்னீங்களா?"

அவன் கோப்பைக்குள் பார்த்தான். "ஸ்பீட் கூட்டினா சனம் நித்திரை கொள்ளாது. அதுக்குத்தான் சொல்றன்."

ஐயோ, அது போதாதா! ஒரு கிழமை அடக்கி வைத்தது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் கத்தவும் ஒரு தெம்பு வேண்டுமே. ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க. டெம்போ எண்டா ரேடியோச் சத்தமா, நினைச்ச மாதிரி கூட்டிக் குறைக்க? இந்தப் பாட்டில ஒரு பாருக்கு ஆறு எண்ணம்." மேசையில் விரலால் ஒரு தாளச் சுற்றுத் தட்டிக் காட்டினாள். "ஒண்டு ரெண்டு மூண்டு, நாலு அஞ்சு ஆறு. ஒண்டிலயும் நாலிலயும் அழுத்தம் விழும். மெதுவா எண்ணினா வள்ளம் அசையிற மாதிரி இருக்கும். பாட்டே வள்ளத்தைப் பற்றித்தானே, அதுக்குத்தான் இந்தத் தாளத்தை எடுத்தனான். இதையே ஓட்டமா எண்ணினா என்ன வரும் எண்டு உங்கட தம்பியைக் கேளுங்க."

"என்ன வரும்? பைலா வரும்!"

அறை வாசலில் ஸ்ரான்லி நின்றான். செபஸ்தியனின் தம்பி. கலியாண பாண்டுகளில் ஒக்டபேட் என்கிற மின்சார மேளம் அடிக்கிறவன். முதல் நாள் தெமட்டகொடையில் ஒரு ரிசெப்ஷனை முடித்துக்கொண்டு விடியத்தான் வந்து விழுந்திருந்தான். அரைத் தூக்கத்தில், கையில் துவாயோடு, கலியாண வீட்டுப் பைலா ஆட்டம் போல இடுப்பை இரண்டு வெட்டு வெட்டிக் காட்டிவிட்டுக் குளியலறைப் பக்கம் நடந்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பி வந்தான்.

"அண்ணி, கூட்டுங்களேன். நான் அமத்தி அடிக்கிறன். பைலா மாதிரி வராம பாத்துக்கொள்றன்."

"நீயுமாடா?"

"ஒரு கொஞ்சம்தானே, அண்ணி."

அண்ணனும் தம்பியும் ஒரு கட்சி. டில்ஷானி எழும்பினாள். "சரி. கூட்டுறன். உங்கட ஆசைப்படியே நடக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து பாட்டைக் கொண்டு போய் மாதம்பிட்டிச் சவக்காலையில புதைச்சிட்டு வாங்க."

சொல்லிவிட்டு வேலைக்குப் போக வெளிக்கிட்டாள். சனிக்கிழமை அரை நாள்.

மத்தியானம் திரும்பி வரும் பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோரச் சீற் கிடைத்தது. வெளியே மழை. இந்த மெட்டே ஒரு மழை நாளில், இதே வீதியில்தான் பிறந்தது. அன்றைக்குப் பஸ் பம்பலப்பிட்டியில் அடைபட்டு நின்றது. டிரைவருக்கு முன்னால் வைப்பர் இந்தப் பக்கம் மூன்று எண்ணம், அந்தப் பக்கம் மூன்று எண்ணம் என்று போய் வந்துகொண்டிருந்தது. போய்வர ஒரு பார். பார்த்துக்கொண்டே இருந்தவளின் வாயில் சொல் வந்து உட்கார்ந்தது.

பொழுது சாயுது, ஆண்டவரே,
எங்கள் படகில் ஏறி இரும்.

முதல் வரியின் சொற்களுக்கு மூன்று பார். கடைசி 'ரே' மட்டும் இரண்டு பாருக்கு நீளும். ஐந்து பாரும் ஒரே மூச்சு. அந்த 'ரே' கரையில் நின்று கடலைப் பார்த்துக் கூப்பிடுகிற மாதிரிப் போக வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். கூப்பிடத் தெரிந்த ஒருவன் வீட்டிலேயே இருந்தான். கலியாணத்துக்கு முன்பு ஒரு டிசம்பரில், நத்தார்ப் பூசையில் செபஸ்தியன் ஒரு சுரத்தைப் பிடித்தான், பிடித்தான், பிடித்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் நின்ற தாத்தா ஒருவர் பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தார். அந்த மூச்சைக் கேட்டுத்தான் டில்ஷானி கழுத்தை நீட்டினாள் என்று அவளுடைய அம்மா சாகும் வரைக்கும் பகிடி பண்ணினார்.

இப்போது அந்த மனுசன் பாட்டை ஓட்டமாக வை என்கிறான்.

நீட்டைக் குறைத்தால் என்ன என்றும் யோசித்துப் பார்த்தாள். அதற்கும் வழி இருக்கிறது. ஒரு பாருக்கு ஆறு எண்ணம் என்றால் ஆறும் இருந்தாக வேண்டும், அவ்வளவுதான். முழுக்கப் பாடித்தான் நிரப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. மூன்று எண்ணம் பாடி, மூன்று எண்ணம் பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருக்கிறதையும் ரெஸ்ட் என்று எழுதி வைத்துவிட்டால் பார் பாராகவே இருக்கும், தாளம் கெடாது. ஆனால் அவளுக்கு மனம் வரவில்லை. அந்த நீட்டுப் போனால் பாட்டில் என்ன மிச்சம்?

பொறாமைதான், வேறென்ன என்று முடிவு கட்டினாள். வீட்டில் ஒருத்தர்தான் பாட்டுக்காரர் என்ற நினைப்பு. இவ்வளவு காலமும் அவன் பாட, அவள் கீபோர்ட் தட்டினாள். அவள் ஒன்று கட்டினவுடன் பொறுக்க முடியவில்லை. அப்படி நினைக்க நினைக்க எரிச்சல் ஏறியது. கோட்டை தாண்டும்போது அந்த எரிச்சலுக்கும் அலுப்புப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னேரம் மண்டபத்தில் நேசம் ரீச்சர் முதல் ஆளாக வந்து விசிறியோடு உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, கொழும்பு வந்து எத்தனை வருஷமானாலும் மாறாத பேச்சு. பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு எடுத்தவர், அதிகாரத்தை விட்டு ஓய்வு எடுக்கவில்லை.

"நவநாள் பூசை மணி அடிக்க முதல் முடிக்கோணும். டில்ஷானி, தொடங்கு பிள்ளை."

டில்ஷானி கீபோர்டில் டெம்போவை நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு ஏற்றினாள். ஸ்ரான்லி சொன்னபடியே அமத்தி அடித்தான். செபஸ்தியன் பாடினான். 'ரே' முடிய முன்னமே சுரம் அறுந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றான், அவளைப் பார்க்காமல்.

எழுபது. இப்போது வள்ளம் அசையவில்லை, குதித்தது. அதுவும் காணாது என்றான். 'எடு, உன்ர ஆசை தீரட்டும்' என்று டில்ஷானி ஒரே இழுவையில் தொண்ணூறுக்குக் கொண்டுபோனாள். ஸ்ரான்லியும் பாவம், எவ்வளவுதான் அமத்துவான்? கலியாண வீட்டுக் கை. அந்த வேகத்தில் ஆறு எண்ணம் கிடைத்தால் அது தன்பாட்டில் ஆடத் தொடங்கிவிடும்.

"அக்கே, ஸ்பீட் எக வெடியி!" என்று கிற்றார் வாசிக்கிற சாமினி சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கத்தினாள். வேகம் கூடிப்போச்சு என்று டில்ஷானிக்கே விளங்கியது. ஆனாலும் அவளுடைய கை நிற்கவில்லை.

முன்வரிசையில் நின்ற மாமிமாரின் தோள்கள் ஆடின. பின்னால் யாரோ கை தட்டினார்கள். 'பொழுது சாயுது' என்ற வரி, போத்தல் திறக்கிற நேரம் வந்துவிட்டது என்கிற மாதிரிக் கேட்டது. ஆண்டவர் படகில் ஏறியிருந்தால் அவரும் எழும்பி ஆடியிருப்பார்.

"நிப்பாட்டுங்கோ!"

விசிறி மேசையில் படாரென்று விழுந்தது. தோள்கள் எல்லாம் இறங்கின.

"இதென்ன கோயிலோ, ரிசெப்ஷன் ஹோலோ? ஆர் இந்த ஓட்டம் ஓடச் சொன்னது?"

"நான்தான், ரீச்சர்," என்றான் செபஸ்தியன்.

"நீங்கள் பாடுறவர். பாடுங்கோ. எழுதினது பிள்ளை. அவள் எழுதின வேகத்தில போகட்டும்."

டில்ஷானிக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. நாற்பதுக்கு இறக்கினாள். இப்போது பாடு பார்ப்போம் என்று முதல் சுரத்தைத் தட்டினாள்.

அவன் பாடினான். பொழுது சாயுது. குரல் பழைய குரல்தான், மண்டபத்தின் கடைசிக் கதிரை வரைக்கும் போகிற குரல். ஆண்டவ... ரே. 'ரே'யின் முதல் பார் கடந்தது. இரண்டாம் பாரின் நடுவில் அறுந்தது.

"தொண்டை," என்று சொல்லி இருமினான். "திரும்ப."

இரண்டாம் தரம் 'ரே'யின் முதல் பாரிலேயே அறுந்தது.

"திரும்ப," என்றான். நெற்றியில் வியர்வை. மண்டபத்தில் ஃபேன் எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாம் தரம் 'ரே' வரவே இல்லை. 'ஆண்டவ' என்கிற இடத்தில் நின்றுவிட்டது. டில்ஷானியின் கை மட்டும் தன்பாட்டில் தாளத்தை எண்ணிக்கொண்டு போனது. பாட்டு நின்ற அந்த இடத்தில் அவளுக்கு வேறொன்று கேட்டது. அவன் காற்றை இழுக்கிற சத்தம். வாயைத் திறந்து, தோளை உயர்த்தி, கிடைக்காத ஒன்றைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி இழுத்தான். ஒரு கையால் கீபோர்ட் ஸ்ராண்டின் விளிம்பைப் பிடித்திருந்தான். ஸ்ராண்ட் நடுங்குவது அவளுடைய விரலுக்கு வந்தது.

மனமில்லாமல் பாடுகிறவன் கண்ட இடத்தில் விடுவான். இவன் ஒவ்வொரு தரமும் போன தரம் விட்ட இடத்துக்கு முன்னால் விட்டான். விட்டுவிட்டுத் திரும்பவும் கேட்டான். பிடிக்காத பாட்டை யார் மூன்று தரம் கேட்பார்கள்?

கடவுளே, என்று நினைத்தாள்.

அதோடு எல்லாம் வந்து விழுந்தது. மாடிப்படியில் நின்று போனைப் பார்க்கிற பழக்கம். இரண்டு தலையணை வேண்டும் என்றது. சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால் வாசலில் வைத்துவிட்டு, யாருடனாவது கதை வளர்க்கிறது. வயது போகுது, சோம்பல் பிடிச்சிட்டுது என்று அவள் ஏசியிருக்கிறாள். பக்கத்தில்தானே படுக்கிறாள், எப்படித் தெரியாமல் போனது? அலுப்பு என்று சொல்லித் தப்ப முடியுமா? அவள் மெட்டுப் போட்டது நத்தார்ப் பூசையில் நின்ற அந்தப் பெடியனுக்கு. இங்கே நின்ற மனுசனை அவள் கேட்கவே இல்லை.

"சரி, விடுங்கோ," என்றார் நேசம் ரீச்சர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "செபஸ்தியனுக்கு ஏலாட்டி வேற ஆரும் பாடட்டும். ஆள் இல்லையெண்டால் பழைய பாட்டு. நேரமில்லை."

எல்லாரும் செபஸ்தியனைப் பார்த்தார்கள். அவன் சேர்ட்டின் முன்பக்கத்தை இழுத்து விட்டான்.

"பழையதையே போடுங்க, ரீச்சர். இது சரிவராது."

ஸ்ரான்லி குச்சியை மடியில் வைத்தான். தலை குனிந்துகொண்டான்.

"இல்ல, ரீச்சர்," என்றாள் டில்ஷானி. "பிழை பாட்டிலதான். நான்தான் பிழையா எழுதிட்டன்."

"என்ன பிழை?"

"ஒரு ஆள் தனியா இவ்வளவு இழுக்கிறது சரியில்ல. கோயில் பாட்டு எண்டா சனமும் வரத்தானே வேணும்." சொல்லச் சொல்லத்தான் கையில் கணக்கு வந்தது. "'சாயுது'வில கடைசி மூண்டு எண்ணம் ரெஸ்ட். ஒருத்தரும் பாட வேணாம், நான் மட்டும் வாசிக்கிறன். பிறகு 'ஆண்டவரே'. அந்த 'ரே' மூண்டே மூண்டு எண்ணம். அதோட செபஸ்தியன் நிப்பாட்டட்டும். மிச்சத்துக்கு நீங்க எல்லாரும் 'ஆண்டவரே' எண்டு வாங்க. அவர் இளைப்பாறிட்டு அடுத்த வரிக்கு வருவார். பார் கூடாது குறையாது. வேகமும் அதே வேகம்தான்."

இளைப்பாறிட்டு என்ற சொல் வாயில் வந்த பிறகுதான் நாக்கைக் கடித்தாள்.

முதல் தரம் ஆட்கள் பிந்தி வந்தார்கள். இரண்டாம் தரம் சரியாக வந்தார்கள். பொழுது சாயுது என்று ஒற்றைக் குரல் சொன்னது. ஒரு சின்ன வெறுமை. ஆண்டவரே என்று கூப்பிட்டது. அது ஓய்ந்த இடத்தில் மண்டபம் முழுக்க எழும்பி, ஆண்டவரே என்றது. மாமிமார் இப்போது ஆடவில்லை. சாமினி கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். ஒருவன் கூப்பிட, ஊரே சேர்ந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. முதல் எழுதினதைவிட நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை.

நேசம் ரீச்சர் விசிறியை எடுத்தார். "ம். இது பரவாயில்லை. முதலே இப்பிடி எழுதியிருக்கலாமே, பிள்ளை. திருவிழாவுக்கு இதையே வைப்பம்."

சனம் கை தட்டியது. பாட்டு ஏறிவிட்டது. இவ்வளவு நாள் காத்திருந்த சந்தோஷம் இதோ வரும், இதோ வரும் என்று டில்ஷானி பார்த்தாள். வரவில்லை. கீபோர்டுக்கு உறை போட்டாள். செபஸ்தியன் அவளுக்காக நிற்காமல் வெளியே போயிருந்தான்.

கோயில் சந்தி தாண்டி அவனைப் பிடித்தாள். பிடிக்க ஓடத் தேவைப்படவில்லை, அவன் அவ்வளவு மெதுவாக நடந்தான். வீதிக்குக் குறுக்கே நீலமும் வெள்ளையுமாகக் கடதாசிக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது, கொடிகள் நனைந்து தொங்கின.

"எல்லாருக்கும் முன்னால என்னை நோயாளி ஆக்கிட்டாய்," என்றான்.

"நான் ஒண்டும் சொல்லல்லையே. பிழை என்னில எண்டுதானே சொன்னன்."

"சொல்ல வேணுமா? பாடுறவங்களுக்கு விளங்காதா, பாட்டு எங்க மூச்சு விடச் சொல்லுது எண்டு? ரீச்சரிட முகத்தைப் பாத்தியா? பாவம் பாக்கிறா. எனக்கு!"

"அப்ப நான் என்ன செய்யட்டும்? பழைய பாட்டைப் போடுங்க எண்டு நீங்க சொல்லக்குள்ள சும்மா நிக்கட்டுமா?"

"நிண்டிருக்கலாம்."

அவளுக்கும் பொங்கியது. "ஒரு கிழமை! ஒரு கிழமை நான் அழுதனான், தெரியுமா? மனுசர் பாடுற பாட்டில்ல எண்டு சொன்னீங்க. பொறாமை பிடிச்ச மனுசன் எண்டு உங்களைப் பஸ்ஸில இருந்து ஏசினன். மூச்சு வாங்குது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா டொக்டரிட்ட இழுத்துக்கொண்டு போயிருப்பாய்."

"போகத்தானே வேணும்!"

"போனனான்."

நடு வீதியில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த த்ரீவீலர்காரன் ஹோர்ன் அடித்து, "அக்கே, அயின் வென்ன!" என்று விலகச் சொல்லிக் கத்தினான். செபஸ்தியன் அவளுடைய முழங்கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தான். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில் மெதுவாக உட்கார்ந்தான். அவள் நின்றாள்.

"எப்ப போனது?"

"போன சனிக்கிழமை காலமை. வேலைக்கு எண்டு சொல்லிட்டுப் போனனே, அண்டைக்கு. எக்ஸ்ரே எடுத்தாங்க. பிறகு பெரிய ஸ்கேன் ஒண்டும் எடுத்தாங்க. அதை முடிச்சிட்டுத்தான் பின்னேரம் பிராக்டிஸுக்கு வந்தனான்."

அந்தப் பின்னேரம்தான் அந்த வசனத்தைச் சொன்னான்.

"போர்ட்டில தெரியுமா?" என்று கேட்டாள். கப்பலில் அடுக்குகிற கொண்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவனுக்கு. ஏணியில் ஏறாமல் அந்த வேலை இல்லை.

"கூட இருக்கிறவங்க மறைச்சு வைச்சிருக்கிறாங்க. எனக்குப் பதிலா அவங்கள்தான் ஏறுறாங்க. எத்தனை நாளைக்கு எண்டு தெரியாது."

"டொக்டர் என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. படத்தை வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார். கன நேரம் பாத்தார். பிறகு, பத்து நாள் கழிச்சு வாங்க எண்டார். வாற செவ்வாய்க்கிழமை." செபஸ்தியன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தான். "வரக்குள்ள வீட்டு ஆள் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வாங்க எண்டார்."

தெருவிளக்கு ஒன்று அந்த நேரம் பார்த்து எரிந்தது. கொடி கட்டுகிற பெடியன்கள் ஏணியை அடுத்த கம்பத்துக்கு நகர்த்தினார்கள். யாரோ பகிடி சொன்னார்கள் போல, எல்லாரும் சிரித்தார்கள்.

"ஸ்ரான்லியை வரச் சொல்லிக் கேட்டனான்," என்றான் செபஸ்தியன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"டொக்டரிட்ட போனது அவனுக்கு மட்டும் தெரியும். மாட்டன் எண்டுட்டான். அண்ணிக்குச் சொல்லாம நான் வரமாட்டன், நீ செத்தாலும் வரமாட்டன் எண்டு கத்தினான்."

அந்தப் பெடியனை அவள் எத்தனை ஏச்சு ஏசியிருக்கிறாள்! பொறுப்பில்லாதவன், விடிய வந்து பொழுதுபட வெளிக்கிடுறவன் என்று. டில்ஷானி படியில் செபஸ்தியன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரம் சட்டையில் ஊறியது, ஊறட்டும் என்று விட்டாள்.

"செவ்வாய்க்கிழமை நான் லீவு போடுறன்," என்றாள்.

அவன் தலையாட்டினான். பிறகு, மிகவும் சின்னக் குரலில், பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"பயமா இருக்கு, டில்ஷா."

ஒன்றும் இராது, வீணாகப் பயப்படாதீங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். கிளினிக்கில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்கிற வசனம். கவுண்டரில் அது சும்மாவே வரும். இன்றைக்கு அதைச் சொல்லவும் அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

"எனக்கும்," என்றாள்.